பூட்டியிருப்பேன்

கிளி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் கணவன்தான். கல்யாணமான புதிதில், அவள் பார்க்கிற வேலை என்னவென்று விவரமாகக் கேட்டுக்கொண்டு, "அப்போ நாள் பூரா அடுத்தவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டு வர்றே. கிளிகூட ரெண்டு வார்த்தை சொன்னா ஒரு பழம் கேக்கும். உனக்குச் சம்பளமே குடுக்கிறாங்க" என்றான். அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அவள் கிளி.

தொழிலாளர் விசாரணை அலுவலகத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆங்கிலம் வராத தமிழர் யாராவது விசாரணைக்கு வந்தால் கிளிக்கு அழைப்பு வரும். மேஜையின் ஓரத்தில், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில், அவளுக்கென்று ஒரு நாற்காலி. அவர் "நான்" என்றால் இவளும் ஆங்கிலத்தில் "நான்" என்பாள். அவர் திட்டினால் இவளும் அதே சுருதியில் திட்டுவாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, வெளியே வந்து சம்பந்தப்பட்டவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு சொல்லைக்கூடச் சிந்தியதில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

அந்த வாரம் வந்தது பூக்கிடங்கு வழக்கு.

மொத்த வியாபாரப் பூக்கிடங்கு. வெட்டிய பூக்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இறங்கியதும் குளிரறைக்குள் போய்விட வேண்டும். அந்தக் குளிரில் மொட்டு மொட்டாகவே நிற்கும். கடைக்குப் போன பிறகுதான் விரிய வேண்டும். குளிரறைக்குக் கனமான தள்ளுகதவு. வேலை முடிந்ததும் அதை இழுத்து அடைத்து, கைப்பிடியை அழுத்தி, பூட்டுப் போட வேண்டும். பூட்டாவிட்டால் கதவு தன் கனத்துக்குத் தானே மெல்ல நகர்ந்து திறந்துகொள்ளும்.

அந்தப் பொறுப்பு ஒரு பெண்மணியிடம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். கிடங்கில் பூக்களைத் தரம் பிரிக்கிற பெண்களுக்கெல்லாம் மூத்தவர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லோரும் அவரைச் சாவியக்கா என்றார்கள். சனிக்கிழமை மாலை அவர்தான் கடைசியாக வெளியே வந்தார். திங்கட்கிழமை காலை மேனேஜர் போய்ப் பார்த்தபோது குளிரறைக் கதவு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த ரோஜா, லில்லி அத்தனையும் முழுசாக மலர்ந்திருந்தன. பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்களாம். அவ்வளவு அழகு. ஒன்றைக்கூட விற்க முடியாது.

சாவியக்காவின் கவனக்குறைவு என்று சொல்லி நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவர் விசாரணை கேட்டார்.

முதல் நாள். விசாரணை அதிகாரி நிதானமான மனிதர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முழுசாக முடியும்வரை பேனாவை எடுக்க மாட்டார். எதிர்ப்பக்கம் கிடங்கு மேனேஜர், தமிழ் தெரியாதவர், இஸ்திரி கலையாத சட்டையில். இந்தப் பக்கம் சாவியக்கா. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

பெயர், வேலை, எத்தனை வருடம் என்றெல்லாம் போய், கேள்வி கதவுக்கு வந்தது.

"சனிக்கிழமை மாலை குளிரறைக் கதவைப் பூட்டினீர்களா?" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். கிளி தமிழில் கேட்டாள்.

"பூட்டியிருப்பேன்" என்றார் சாவியக்கா.

கிளியின் வாயில் பதில் தயாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர் கரும்பலகையை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, அந்தப் பக்கம் ஆங்கிலத் துணைவினைகளையும் இந்தப் பக்கம் தமிழையும் எழுதிப் போட்டு, வகுப்பே ராகம் போட்டு ஒப்பித்த பாடம். கேன் என்றால் முடியும், மே என்றால் செய்யலாம், மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும், வுட் ஹேவ் என்றால் செய்திருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "ஐ வுட் ஹேவ் லாக்ட் இட்" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "பூட்டியிருப்பீர்கள். சரி. எது தடுத்தது?"

கிளி அதைத் தமிழில் சொன்னாள். சாவியக்காவின் நெற்றி சுருங்கியது. "எது தடுக்கும்? ஒண்ணும் தடுக்கலையே."

அது ஆங்கிலத்தில் போனது. அதிகாரி இப்போது பேனாவை எடுத்தார். "ஒன்றும் தடுக்கவில்லை. அப்படியானால் ஏன் பூட்டவில்லை?"

"பூட்டலைன்னு யார் சொன்னா?" சாவியக்காவின் குரல் உயர்ந்தது. கிளியின் ஆங்கிலமும் உயர்ந்தது.

"நீங்கள்தான். இப்போதுதான் சொன்னீர்கள்."

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதிகாரி ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் கிளிக்குப் படிக்க வந்தது. சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தார். நாளை காலை தொடரலாம் என்று கோப்பை மூடினார்.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சாவியக்கா அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நான் சொன்னதைத்தானே சொன்னீங்க? அவர் ஏன் அப்படிப் பாத்தார்?"

வெளியே பேசக் கூடாது. ஆனாலும் அந்தக் கேள்வி கிளியின் கர்வத்தில் பட்டுவிட்டது. "ஒரு வார்த்தை விடலைங்க. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னவோ சரியில்லை என்று ஒரு நெருடல். சோற்றில் கல் கடித்த மாதிரி. சாட்சிகள் மாற்றி மாற்றிப் பேசுவது புதிதா என்ன என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் டவுன் பஸ் டிரைவர். அன்று அவனுக்கு மதியத்தோடு பணி முடிந்திருந்தது. மறுநாளைக்கான சீருடையை இஸ்திரி போட்டுவிட்டு, அவள் வந்ததும் இருவரும் காய்கறி வாங்கக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்போது அவளுக்கு நினைப்பு வந்தது.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?"

"அணைச்சிருப்பேன்."

அவள் பைகளோடு அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், கிளி! அணைச்சிருப்பேன்னு சொல்றேன்ல?"

"அதனாலதான் போறேன். அணைச்சேன்னு சொல்லியிருந்தா நேரா கடைக்குப் போயிருப்பேன்."

கதவைத் திறந்து உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது. ஒயர்கூடச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பின்னாலேயே வந்தவன், "பாத்தியா? மனுஷன் வாக்கு" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் இஸ்திரி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"இன்னிக்கு ஒரு அம்மாவோட வாயில நான் வேற வார்த்தையைப் போட்டுட்டேன்."

ஆளையோ இடத்தையோ சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். பூட்டியிருப்பேன் என்றால் தமிழில் இரண்டு விதம். நீ மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால் பூட்டியிருப்பேன் என்றால், பூட்டவில்லை. சும்மா, பூட்டியிருப்பேன் என்றால், ஞாபகமில்லை, ஆனால் வழக்கமாகச் செய்கிற வேலை, செய்யாமல் விட்டிருக்க மாட்டேன். அந்த அம்மா சொன்னது இரண்டாவது. அதிகாரி காதில் விழுந்தது முதலாவது. நடுவில் உட்கார்ந்திருந்தவள் இவள்.

"சரி, அப்போ வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?" என்றான் அவன். டிப்போவில் பேசிப் பழகிய ஆங்கிலம் அவனுக்கும் உண்டு.

"மஸ்ட் ஹேவ்னு சொல்லியிருக்கலாம்."

"மஸ்ட்னா கட்டாயம் இல்ல? கட்டாயம் பூட்டினேன்னு ஆயிடாதா?"

"ஆகாது. ஆனா சும்மா ஊகத்துல சொல்ற மாதிரி இருக்கும். மைட் ஹேவ்னா ரொம்ப இளகிடும், பூட்டினாலும் பூட்டியிருப்பேன்ங்கிற மாதிரி. குட் ஹேவ்னா முடிஞ்சிருக்கும், செய்யலை. ஷுட் ஹேவ் வேண்டவே வேண்டாம், அது தப்பை ஒத்துக்கிற மாதிரி."

"ஒரு பூட்டுக்கு இத்தனை சாவியா?"

"ஒண்ணும் சேர மாட்டேங்குதே."

"இதுக்கெல்லாம் என்ன பேரு சொன்னே?"

"துணைவினை."

"துணைன்னாலே அப்படித்தான். பேருக்குத்தான் துணை. வீட்டு அதிகாரம் பூரா அது கையிலதான் இருக்கும்" என்று அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டான். மற்ற நாளாக இருந்தால் பையால் ஒரு அடி விழுந்திருக்கும். அன்று அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன். எல்லார் முன்னாடியும்."

"ஆளை மாத்திடுவாங்களா?"

"மாத்தலாம். இனிமே கூப்பிடாமலும் விடலாம்."

 அவன் பைகளை எடுத்துக்கொண்டு, "வா, கடை மூடிடப் போறான். வெங்காயம் இல்லாம எதையும் யோசிக்க முடியாது" என்றான்.

மறுநாள் காலை அதிகாரி கோப்பைத் திறப்பதற்குள் கிளி எழுந்தாள். மொழிபெயர்ப்பாளர் சொந்தக் குரலில் பேச வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும். அவள் இதுவரை கேட்டதே இல்லை. கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. இத்தனை வருடமாக அந்த அறையில் அவள் "நான்" என்று சொன்னதெல்லாம் வேறு யாரோ.

"நேற்று ஒரு பதிலை நான் சொன்ன விதத்தில் பிழை இருக்கலாம்" என்று ஆரம்பித்து, தமிழ்ச் சொல்லின் இரண்டு பொருளையும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். பிறகு அதையே தமிழில் சாவியக்காவுக்கும் சொன்னாள். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு குறைத்தல்தானே.

மேனேஜர் உடனே கையைத் தூக்கினார். "இது எந்த ஊர் நியாயம்? சாட்சி சொன்னதை மறுநாள் மொழிபெயர்ப்பாளர் மாத்துறதா? இவங்க ஒரே பாஷைக்காரங்க. ராத்திரி பேசி வெச்சிருப்பாங்க."

கிளி அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். தன்னைப் பற்றிய பழியைத் தானே மொழிபெயர்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. காது மடல் சுட்டது.

ஆனால் அதைவிடச் சுட்டது சாவியக்காவின் பார்வை. "அப்போ நேத்து நான் பூட்டலைன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். கத்தவில்லை. "நான் சொன்னதை அப்படியே சொன்னேன்னு குழாயடியில வெச்சு சொன்னீங்களேம்மா. அதை நம்பிட்டு ராத்திரி பூரா நான் என்ன தப்பாப் பேசினேன்னு யோசிச்சிட்டுக் கிடந்தேன்."

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னாள். குழாயடியையும் விடவில்லை. அப்புறம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவரைக் கேளுங்கள்" என்றார்.

கேட்டாள். தன்னை வேண்டாமா என்று தானே கேட்டாள்.

சாவியக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "புதுசா வர்றவங்க எதை விட்டாங்கன்னு எனக்குத் தெரியவா போகுது? இவங்க விட்டா இவங்களே சொல்லிடுறாங்க. இவங்களே இருக்கட்டும்."

அதிகாரி நேற்றைய கேள்வியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இந்தத் தடவை கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்தார். "அன்று பூட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"இல்லைங்க."

மேனேஜர் முகம் மலர்ந்தது.

"ஞாபகம் இல்லாமல் பூட்டியிருப்பேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"தினம் செய்யுற வேலைங்க. காலையில பல்லு தேச்சியான்னு கேட்டா தேச்சிருப்பேன்னுதானே சொல்வோம்? தேச்சது யாருக்கு ஞாபகம் இருக்கு? தேய்க்காம வந்திருந்தாத்தான் ஞாபகம் இருக்கும்."

அது ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்ததும் அதிகாரியின் உதட்டோரம் அசைந்தது. அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீங்கள் இன்று காரில் வந்தீர்களா? வண்டியைப் பூட்டினீர்களா?"

"வெல், ஐ வுட் ஹேவ்..." என்று சொல்ல வந்த மேனேஜர் பாதியில் நின்றார்.

 கிளி நிமிர்ந்து பார்த்தாள். அவள் நேற்றுப் போட்ட அதே சொல். ஆங்கிலத்திலும் அதற்கு இரண்டு முகம்தான் போலிருக்கிறது. சொல்லைத் தப்பாக எடுக்கவில்லை, அது எந்த முகத்தைக் காட்டிக்கொண்டு போகிறது என்று பார்க்காமல் அனுப்பிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனசு கொஞ்சம் லேசானது. அதிகமில்லை, கொஞ்சம்.

கதவை நேரில் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

மதியத்துக்கு மேல் நால்வரும் பூக்கிடங்குக்குப் போனார்கள். நீளமான கூடம். உயரமான மேஜைகளின் இரு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு தண்டுகளை ஒரே நீளத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தரை முழுக்கப் பச்சைத் துண்டுகளும் ஈரமும். சாவியக்காவைக் கண்டதும் கத்தரிகள் நின்றன. "அக்கா வந்துட்டாங்க" என்று ஒருத்தி சொல்ல, மேனேஜர் பார்த்த பார்வையில் கத்தரிகள் மறுபடி ஓடின.

குளிரறைக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கிளி குறுக்கே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, சாவியக்கா சொல்வதை ஆங்கிலத்திலும் அதிகாரி கேட்பதைத் தமிழிலும் மாற்றிக்கொண்டே இருந்தாள். எந்தப் பூ எங்கே இருக்கும், வாளித் தண்ணீரை எப்போது மாற்றுவார்கள், லில்லியை ஏன் கதவோரம் வைக்கக் கூடாது. கேட்கக் கேட்கச் சாவியக்காவுக்குத் தன் இடத்துக்கு வந்துவிட்ட தெம்பு வந்தது. கைப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டார். கையை வீசி வீசிப் பேசினார்.

"இந்த ரோஜாவின் வெளி இதழை ஏன் பிய்ப்பதில்லை?" என்று வெளியே வந்துகொண்டே கேட்டார் அதிகாரி.

"அது உள்ளே இருக்கிறதுக்குக் காவல்ங்க. அதைப் பிச்சிட்டா பாக்கப் பளிச்சுன்னு இருக்கும், ஆனா சீக்கிரம் வாடிடும். கடைக்காரங்களுக்கு இது தெரியாது, அழுக்கா இருக்குன்னு திருப்பி அனுப்புவாங்க. போன மாசம் ஒருத்தர் பெட்டியோட திருப்பிட்டார், அவர்கிட்ட நான்..." கதை வளர்ந்துகொண்டே போனது. கிளி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள், நாக்கு உலர.

கதை முடிந்தது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டாராம். அதிகாரி சிரித்தார். பிறகு அதே சிரிப்போடு, "இப்போது கதவைப் பூட்டினீர்களா?" என்றார்.

கிளி கேட்டாள்.

சாவியக்கா திரும்பிப் பார்த்தார். கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடைத்துத்தான் இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். கையில் சாவி, கிடங்குக்கு வந்ததும் மேனேஜர் கொடுத்தது. எப்போது உள்ளங்கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"பூட்டியிருப்பேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தது அவர்தான். மேஜைப் பக்கமிருந்து பெண்கள் சிரித்தார்கள். கிளி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், அதிகாரி கையமர்த்தினார். "இந்தச் சொல் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கதவருகே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவியக்கா பேசிக்கொண்டே இடது தோளால் கதவைத் தள்ளி, கைப்பிடியை அழுத்தி, பூட்டைக் கவிழ்த்துத் திருகியிருக்கிறார். கதை ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

"இன்னிக்குப் பூட்டினாங்க. அதனால அன்னிக்கும் பூட்டினாங்கன்னு ஆயிடுமா?" என்றார் மேனேஜர்.

"ஆகாது" என்றார் அதிகாரி. "பூட்டவில்லை என்றும் ஆகாது. இன்னொரு சாவி எங்கே இருக்கிறது?"

இன்னொரு சாவி மேனேஜர் அறைச் சுவரில், எல்லோர் கைக்கும் எட்டுகிற ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை துப்புரவு ஆட்கள் வந்துபோகிற அறை. அதிகாரி அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. அந்தச் சில வாரமும் கிளிக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. மேனேஜர் அவளைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் அனுப்பியிருந்தார் என்று கேள்விப்பட்டாள். வீட்டில் இருந்தாள். பரண் மேலிருந்த பழைய பெட்டிகளை இறக்கித் துடைத்தாள். கணவன் பணி முடிந்து வந்து, "கிளி கூண்டுலயே இருக்கே, பழம் வேணுமா?" என்று கேட்டு, உண்மையாகவே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவான். அவள் உரித்துப் பாதியை அவனுக்குக் கொடுப்பாள். வேலை போனால் போகட்டும் என்று ஒருநாள் தோன்றும். மறுநாள், போனால் என்ன செய்வது என்று தோன்றும். அன்று எழுந்து பேசியிருக்க வேண்டாமோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

பிறகு கூப்பிட்டார்கள். தீர்ப்பைப் படிக்கிற அன்று அவள்தான் வர வேண்டுமென்று அதிகாரி கேட்டிருந்தாராம். புகாரை, பதில்களில் ஐயம் இருந்தால் அந்த நேரத்திலேயே தெரிவிக்கும்படி ஒரு வரி அறிவுரையோடு முடித்துக்கொண்டார்கள்.

அதிகாரி படித்தார். சனிக்கிழமை மாலை கதவு பூட்டப்படாமல் இருந்திருக்கலாம். பூட்டப்பட்டுப் பிறகு வேறொருவரால் திறக்கப்பட்டும் இருந்திருக்கலாம். எது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அவரை வேலையிலிருந்து நிறுத்தியது செல்லாது. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாவியக்கா ஒரு கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம்மா. இருந்திருக்கலாம், இருந்திருக்கலாம்னு ரெண்டு வருதே. முடிவா நான் பூட்டினேனா இல்லையா?"

கிளி அதை ஆங்கிலத்தில் கேட்டாள். அதிகாரி, "யாருக்கும் தெரியாது என்பதுதான் முடிவு" என்றார்.

"அதைச் சொல்லவா இத்தனை நாளு?" என்றார் சாவியக்கா. "இது எனக்கு அன்னிக்கே தெரியுமே." கிளி அதையும் விடாமல் சொன்னாள். அதிகாரி, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

வழக்கு முடிந்துவிட்டால் வெளியே பேசலாம். பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.  கிளிதான் ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் குழாயடியில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. யோசிக்காம சொல்லிட்டேன்."

"விடு. நீயும் தினம் செய்யுற வேலை. கை பாட்டுக்குச் செஞ்சிருக்கும்." சாவியக்கா முதன்முறையாக நீ என்றார். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லிக் குடு. நான் நிஜமாவே பூட்டினேன், சந்தேகமே இல்லைன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? அழுத்தமா."

"ஐ டிட் லாக் இட்."

"ஐ லாக்குன்னு சொன்னாப் போதாதா? அந்த டிட் எதுக்கு?"

"அழுத்தத்துக்குத்தான். ஆணி அடிக்கிற மாதிரி. இல்லைன்னு சொல்றவங்க முன்னாடி நின்னு, ஆமா, செஞ்சேன்னு சொல்றது."

சாவியக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். டிட்டில் தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது" என்றார் சாவியக்கா. "ஞாபகம் இல்லையே."

"சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார் அவர், ஏதோ விலை கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சாதாரணமாக.

அவருடைய பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரும்போது கையை ஆட்டினார்.

சில மாதம் கழித்து வேறொரு விசாரணைக்கு அந்தக் கிடங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவளே பேச்சுக் கொடுத்தாள். சாவியக்கா இப்போதெல்லாம் மாலையில் குளிரறையைப் பூட்டியதும் கூடத்தைப் பார்த்துச் சத்தமாக, "பூட்டிட்டேன்!" என்பாராம். மேஜைகளில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பூட்டிட்டீங்க!" என்று பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லாதவர்களை வீட்டுக்கு விட மாட்டாராம்.

"மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றாள் கிளி.

"முதல்ல முறைச்சார். இப்போ அவரும் அறையை விட்டு எட்டிப் பாத்துச் சொல்றார்" என்றாள் அந்தப் பெண். "அவருக்கு அந்த 'ட்டீங்க' மட்டும் வாயில வர மாட்டேங்குது."